உள்ளது உள்ளபடி

நாற்காலி ஒரு சாண் கூடுதல் உயரமாக இருந்தது. சிங்காரவேலுவின் தொல்லை அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

வாய்க்காலில் தூரிகையைக் கழுவப் போனவர் திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய மடக்கு முக்காலியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், புங்கமரத்து நிழலில், கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்று கம்பீரமாக நின்றது. முதுகில் பிரம்புப் பின்னல், கையில் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டு. சுற்றும்முற்றும் பார்த்தார். நாற்காலியைக் கொண்டு வந்தவர் யாரும் இல்லை.

வேறு வழியில்லாமல் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உலகமே இடம் மாறிவிட்டது. முக்காலியிலிருந்து பார்த்தால் வாய்க்காலின் வளைவு பனைமரத்தடியில் போய் மறையும். நாற்காலியிலிருந்து பார்த்தால் அதற்கும் அப்பால் மதகு தெரிந்தது; மதகின்மேல் குந்தியிருந்து பீடி பிடிக்கும் ஒரு மனிதரும் தெரிந்தார். மூன்று நாளாகப் போட்ட கோடுகள் அத்தனையும் ஒரு நிமிஷத்தில் பொய்யாகிப் போயின.

சிங்காரவேலு கீழ்வேளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் பானை வரைந்தார், மாம்பழம் வரைந்தார், அலுப்புத் தட்டினால் பானைக்குப் பக்கத்தில் மாம்பழம் வரைந்தார். பிள்ளைகளின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. யாருடைய பானை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது மட்டும் நிற்கும். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் வாய் கோணிய பானை வரைந்ததற்கு முட்டை போட்டார். மறுநாள் அவன் அம்மா வீட்டுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். எங்கள் வீட்டுப் பானை இப்படித்தான் இருக்கிறது, இருப்பதை வரைந்தால் முட்டையா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் மார்க்கை அவர் மாற்றவில்லை. அந்தப் பானையின் கோணல் இன்றைக்கும் அவருக்கு அச்சாக நினைவிருந்தது.

அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. தஞ்சாவூரில் வருஷா வருஷம் நடக்கும் ஓவியக் கண்காட்சியில் தன்னுடைய படம் ஒன்று சுவரில் தொங்க வேண்டும். இரண்டு முறை அனுப்பினார். இரண்டு முறையும் திரும்பி வந்தது. இரண்டாவது முறை அட்டையின் பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘உயிர் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். அவருடைய மனைவி அம்சம் அதை வாசித்துவிட்டு, படத்தில் ஒரு மனுஷனைக்கூடக் காணோமே, உயிர் எங்கிருந்து வரும் என்று கேட்டாள். சிங்காரவேலு அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அவருக்கு ஆள் வரைய வராது. அதிலும் கை வரைய அறவே வராது. பானைக்குக் கை கிடையாது என்பதுதான் பதினெட்டு வருஷமாக அவருக்கு இருந்த நிம்மதி.

இந்த முறையும் திரும்பி வந்தால் வண்ணப் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் காலாண்டு விடுமுறை விட்ட மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளை எடுத்தார். படம் போய்ச் சேர அடுத்த வாரம் புதன்கிழமை கடைசி நாள். நாலு மைல் தள்ளி நாணல்மங்கலத்தில் வாய்க்கால் வளையும் இடத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். பரம்படித்துச் சமன்செய்து நீர் கட்டிய வயல், அதில் விழுந்த ஆகாயம், ஓரத்தில் ஒற்றைப் பனை. மனுஷ வாடையே இல்லாத இடம் என்று நம்பினார்.

உண்மையில் அந்த வருஷம் அந்தத் தாலுகாவிலேயே மனுஷ வாடை அதிகமாக அடித்த இடம் அதுதான்.

ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அந்த ஒரு வேலி நிலமும் மிராசுதார் துரைராசுவுடையது. மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர்கள் வீரையன் குடும்பத்தார். எல்லாம் வாய்ப் பேச்சுதான்; துண்டுச் சீட்டு கிடையாது. புது ஆட்சி வந்து, புதுச் சட்டமும் வந்திருந்தது. அதிகாரி ஊர் ஊராக வருவார். எந்த வயலில் யார் சாகுபடி என்று பார்ப்பார். பதிவேட்டில் பெயரை எழுதுவார். பெயர் ஏறிவிட்டால் அந்தக் குடும்பத்தை வயலை விட்டு இறக்க முடியாது. ஆகவே அதிகாரி வருவதற்குள் வெளியூர் நடவாட்களை இறக்கி, சொந்தப் பண்ணை சாகுபடி என்று காட்டிவிடத் துரைராசு ஏற்பாடு செய்திருந்தார். ஆட்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிங்காரவேலு வந்து குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானமே பண்ணையின் காரியஸ்தர் இராஜாங்கம் வரப்பில் வந்து நின்றார். ஐயா என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்டார். டீக்கடை பெஞ்சில்கூட மேடைத் தமிழ் புரண்ட காலம் அது. தன் கலையைப் பற்றி முதன்முதலாக ஒருவர் விசாரிக்கிறாரே என்ற பூரிப்பில் சிங்காரவேலுவும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்.

“இந்த நிலத்தை உள்ளது உள்ளபடி பதிவு செய்ய வந்திருக்கிறேன்.”

“பதிவா?” என்றார் இராஜாங்கம்.

“ஆமாம். பதிவு பண்ணித் தஞ்சாவூருக்கு அனுப்பணும். புதன்கிழமை கடைசி நாள்.”

தஞ்சாவூரில் கண்காட்சி நடக்கும் விஷயம் இராஜாங்கத்துக்குத் தெரியாது. தஞ்சாவூரில் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் விஷயம் தெரியும். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார். செவ்வாய்க்கிழமை நாற்காலி வந்தது.

நாற்காலிக்குக் காரணம் என்ன என்று மதகின்மேல் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் மூலமாகத்தான் சிங்காரவேலுவுக்குத் தெரிந்தது. அவர்தான் வீரையன். ஐயா ஆபீசர் என்பதால் பண்ணை வீட்டிலிருந்து வந்திருக்கிறது என்றார். சிங்காரவேலு சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தார். அரசாங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஊரை ஏய்த்ததாக நாளைக்கு ஒரு மனு போனால் வேலை போய்விடும். உடனே இராஜாங்கத்தைத் தேடிப் போய், தான் ஆபீசரும் இல்லை, கீபீசரும் இல்லை, படம் போடுகிற வாத்தியார் என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னார்.

இராஜாங்கம் அவரைப் பரிவோடு பார்த்தார். “புரியுதுங்க. நீங்க வாத்தியாருதான். நானும் அப்படியே நம்புறேன்.”

ரகசிய விசாரணைக்கு வரும் அதிகாரி தன்னை அதிகாரி என்றா சொல்லிக்கொள்வார்? அன்று சாயங்காலம் நாற்காலிக்கு எதிரில் ஒரு ஸ்டூலும், ஸ்டூலின்மேல் டபரா டம்ளரில் காப்பியும் வந்தன.

இதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று புதன்கிழமை சிங்காரவேலு நாற்காலியைத் தொடாமல் வரப்பின் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காப்பியைத் திருப்பி அனுப்பினார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. நாற்காலி வேண்டாம், காப்பி வேண்டாம் என்கிற அதிகாரியைத் துரைராசு தன் ஆயுளில் கண்டதில்லை. வாங்கிக்கொள்கிறவரோடு பேசலாம், ஒன்றும் வேண்டாம் என்கிறவரோடு என்ன பேசுவது? அன்று பிற்பகல் அவரே நேரில் வந்துவிட்டார்.

துரைராசு காலத்துக்கேற்ற மனிதர். தேர்தல் முடிவு வானொலியில் வந்த அன்றே தோள்துண்டின் கரையை மாற்றியவர். அவருடைய பிள்ளைகள் மெட்ராஸில் படித்ததால் கீழ்வேளூர் வாத்தியார் எவரையும் அவருக்குத் தெரியாது. படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். சிங்காரவேலு அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

துரைராசு வெகு நேரம் பார்த்தார். வாய்க்கால் இருந்தது, வயல் இருந்தது, பனை இருந்தது. வீரையன் இல்லை. எவருமே இல்லை.

“பிரமாதம்,” என்றார் மனசார. “நிலம் காலியா, சுத்தமா இருக்கு. இதுல ஆள் எதுவும் சேக்க மாட்டீங்களே?”

“சேக்கறதா இல்லைங்க,” என்றார் சிங்காரவேலு.

பதினெட்டு வருஷத்தில் அவர் படத்தைப் பிரமாதம் என்று சொன்ன முதல் ஆள் துரைராசுதான். பயத்தையும் மீறி அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. மிராசுதாருக்கு நல்ல ரசனை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த இனிப்பு ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. நடவு வயலிலிருந்து ஒரு பெண் கரையேறி வந்து, சேற்றுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அட்டையை எட்டிப் பார்த்தாள். வீரையனின் மனைவி ராசம்மாள். வெளியூர் ஆட்கள் வராமல் போகவே, திங்கட்கிழமையே வீரையன் குடும்பம் நடவில் இறங்கியிருந்தது. விடிகாலையில் பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டிலைக் கூட்டி அள்ளிவிட்டு, பிறகு வயலுக்கு வருபவள். தினமும் தன் பங்கு சோற்றில் பாதியை அவருக்குக் கொண்டு வந்து வைப்பவளும் அவள்தான்.

“நாங்க எட்டுப் பேரு காலைலேருந்து குனிஞ்சு கெடக்கோம். உங்க படத்துல ஒருத்தரையும் காணுமே, ஆபீசரய்யா,” என்றாள்.

சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்றது. இவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, “அம்மா, நான் யாருன்னா...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க யாரா இருந்தா எங்களுக்கென்னங்க. சோறு ஆறிப் போவுது, சாப்பிடுங்க.”

எப்போது ஆரம்பித்தாலும் அவள் இப்படித்தான் குறுக்கே விழுந்து முடித்துவிடுவாள்.

அவர்கள் நட்டுக்கொண்டே போனதில் வேறொரு தொல்லையும் வந்தது. அவர் வரைய வந்தது நீரில் கிடக்கும் ஆகாயத்தை. நாளுக்கு ஒரு துண்டு ஆகாயம் பச்சையாகிக்கொண்டிருந்தது. காலையில் நீலம் அடித்த இடத்தில் சாயங்காலம் பச்சை அடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் மெதுவாக நடக்கூடாதா, அவசரம் என்ன என்று வீரையனிடம் கெஞ்சிப் பார்த்தார். “ஐயா இருக்கிறப்பவே முடிச்சிரணும்ங்க,” என்று சொல்லிவிட்டு வீரையன் தன் அக்காள் வீட்டு ஆட்கள் இரண்டு பேரை மறுநாளிலிருந்து நடவுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சிங்காரவேலு ஒரு சமாதானத்துக்கு வந்தார். அடிவானத்தோரம், கை தெரியாத தூரத்தில், கடுகளவுக்கு ஒரே ஒரு மனிதனை வைத்தார். ராசம்மாளுக்கும் மனசு ஆறும், அம்சத்துக்கும் பதில் சொன்னதாக இருக்கும்.

அரை மணியில் இராஜாங்கம் மூச்சிரைக்க வந்து நின்றார். அந்தக் கடுகு யார் என்று கேட்டார்.

“யாரா இருந்தா என்னங்க. நிலம்னா அதுல ஒரு ஆள் நிக்கணும். ஆளில்லாத நிலம் நிலமாவே ஆவாது,” என்றார் சிங்காரவேலு. பென்சிலில் எழுதப்பட்ட அந்த இரண்டு வார்த்தையை நினைத்துத்தான் சொன்னார். இராஜாங்கத்தின் காதில் அது சட்டத்தின் ஏதோ ஓர் உட்பிரிவாக விழுந்தது.

மாலையில் வண்ணப் பெட்டியை மூடும்போது மதகுக்கு அப்பால் இராஜாங்கம் ஒரு வெளியூர் மேஸ்திரியோடு பேசுவது கேட்டது. ஆட்களை இப்போது இறக்க முடியாது, அந்த மனிதர் இடத்தை விட்டுப் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் இராஜாங்கம். சிங்காரவேலுவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தான் உட்கார்ந்திருப்பதால்தான் ஒரு குடும்பம் வயலில் நிற்கிறது. தான் எழுந்து போனால் அவர்களும் கரையேற வேண்டியதுதான். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு தந்திரம் செய்தார். வயலைவிட்டு முழுதும் போகாமல், வாய்க்காலின் எதிர்க்கரைக்குப் பெட்டியை மாற்றினார். இடம் மாறினால் சந்தேகம் மாறும் என்பது அவர் கணக்கு. எதிர்க்கரையில் யார் நிலம் என்று அவர் விசாரிக்கவில்லை. துரைராசு தலைதெறிக்க ஓடி வந்தார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அந்தக் கரை நிலத்தையெல்லாம் அவர் வேறு வேறு பெயர்களில் எழுதி வைத்திருந்தார். அந்த ரகசியத்தைத் தோண்டத்தான் அதிகாரி கரை மாறினார் என்று முடிவு கட்டி, கேட்காமலேயே ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். பனையிலிருந்து மோட்டார் கொட்டகை வரை சமையல்காரர் பேரில் என்றார். கொட்டகைக்கு அந்தண்டை மாப்பிள்ளை பேரில் என்றார்.

“உங்களுக்கு மாப்பிள்ளை இருக்காரா?” என்று சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டு வைத்தார் சிங்காரவேலு.

துரைராசு தலையைக் குனிந்துகொண்டார். “இனிமேத்தான் பாக்கணுங்க. பொண்ணு ஒம்பதாவது படிக்குது.”

இதற்குமேல் தாங்காது என்று சிங்காரவேலு எழுந்தார். படமும் வேண்டாம், கண்காட்சியும் வேண்டாம், வேலை பிழைத்தால் போதும். பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளுக்கு வந்தார். இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. காற்றைப் பிடித்து நிறுத்தும் வால்டியூபும் இல்லை. கேரியரில் சொருகி வைத்த குடையும் இல்லை.

“காத்து எறங்கிப் போச்சுங்களா, ஆபீசரய்யா?” என்று ராசம்மாள் கவலையோடு விசாரித்தாள். வீரையன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் நன்னிலத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திரும்ப மூன்று நாளாகும் என்று வந்து சொன்னார்.

வாத்தியார் நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினார். இராஜாங்கம் விடுவாரா? பண்ணையின் வில்வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி ஏற்றிக்கொண்டார். கீழ்வேளூரில் வண்டி நின்றதும் அம்சம் வாசலுக்கு வந்தாள். ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் வில்வண்டியில் ஊர்கோலம் வருகிறீர்களா, வெட்கமாக இல்லையா என்று ஆரம்பித்தவள் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இப்போதாவது இந்த மனிதருக்குப் புரிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு இராஜாங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

இராஜாங்கம் பண்ணைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னது மறுநாள் வண்டிக்காரர் வாயால் தெரிந்தது. “பெரிய கையிங்க இவரு. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு ஒரு வாத்தியார் வீட்டுல தங்கியிருக்காரு. அந்தம்மாவ சொந்தப் பொண்டாட்டி மாதிரியே திட்டச் சொல்லி வச்சிருக்காரு.”

அதற்குப் பிறகு வண்டி தினமும் காலையில் வாசலுக்கு வந்து அவரை அள்ளிக்கொண்டு போனது. தப்பிக்க வழியில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்தார். காப்பியையும் குடித்துவிட்டார். காப்பி நன்றாகவே இருந்தது.

படம்தான் கெட்டுப் போயிருந்தது. ஆகாயம் முக்கால்வாசி பச்சையாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் குனிந்த முதுகுகள். இனி ஆளில்லாமல் படம் இல்லை என்ற கட்டம் வந்ததும் சிங்காரவேலு பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்களைப் பக்கத்திலேயே வரைய ஆரம்பித்தார். பத்துப் பேர், இருபது கை. மதியச் சோற்றோடு வந்த ராசம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னங்க எல்லாரும் நொட்டாங்கையால நடுறோம்? நாத்துமுடிதான் நொட்டாங்கையில, நடுறது சோத்துக்கையில.” ஒரு முடியை எடுத்து வந்து அவர் முன்னால் குனிந்து, கட்டைவிரலும் இரண்டு விரலுமாக நாற்றைக் கிள்ளிச் சேற்றில் அழுத்திக் காட்டினாள். “விரல் தெரியாதுங்க. மணிக்கட்டுதான் தெரியும். தெரியறத மட்டும் போடுங்க.”

அவர் தெரிந்ததை மட்டும் போட்டார். கை வந்தது. ஒன்று வந்தது, பிறகு மற்றொன்றும் வந்தது. பதினெட்டு வருஷமாக வராத கை இருபதும் இரண்டு நாளில் வந்துவிட்டன. வீரையனுடைய முகத்தைக்கூட அவர் விடவில்லை. மூக்கு நன்றாகவே அமைந்துவிட்டது. அட்டையைத் தூர வைத்துப் பார்த்தபோது சிங்காரவேலுவுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கடைசி முடி நாற்றும் நடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மதகருகே ஒரு ஜீப் வந்து நின்றது. கட்டுக் கட்டாகக் காகிதங்களோடு இறங்கினார் உண்மையான அதிகாரி. சின்ன வயசு, முழுக்கை சட்டை.

சிங்காரவேலுவின் தூரிகை மடியில் விழுந்தது. அதிகாரி பார்த்தார். மரத்தடியில் தேக்கு நாற்காலியில் ஒருவர். அவருக்குக் குடை பிடித்தபடி மிராசுதாரே பக்கத்தில் நிற்கிறார். அதிகாரி மெல்ல இராஜாங்கத்தை ஒதுக்கி, இவர் யார் என்று கேட்டார்.

“உங்களுக்குத் தெரியாததாங்க. தஞ்சாவூரு,” என்றார் இராஜாங்கம் ரகசியமாக.

அதிகாரி சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். வந்து வணங்கினார். பிறகு பதிவேட்டை விரித்து, இந்த ஒரு வேலியில் சாகுபடி யார் என்று பொதுவாகக் கேட்டார்.

“சொந்தப் பண்...” என்று தொடங்கினார் துரைராசு. கண் தானாகப் படத்துக்குப் போனது. முன் வரிசையில் வீரையன் மூக்கும் முழியுமாக நின்றார். துரைராசு குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அதிகாரி நாற்காலிப் பக்கம் திரும்பினார். “சார் பாத்ததைச் சொன்னா நான் எழுதிக்கிறேன்.”

வயலில் பத்துப் பேரும் நிமிர்ந்து நின்றார்கள். சிங்காரவேலுவுக்கு முன்னால் இரண்டு உண்மை இருந்தது. நீ யார் என்பது ஒன்று. நீ பார்த்தது என்ன என்பது இன்னொன்று. முதலாவதைச் சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார். நல்ல வேளையாக அதை யாரும் கேட்கவில்லை.

“பத்து நாளா நான் இங்கேயேதான் இருக்கேன்,” என்றார். “நட்டது வீரையன் குடும்பம். வேற ஒருத்தர் கால்கூட இந்த வயல்ல படல. நான் என் கண்ணால பாத்தேன்.”

“நானும் அதைத்தாங்க சொல்ல வந்தேன்,” என்றார் துரைராசு.

அதிகாரி எழுதினார். குத்தகைதாரர் என்ற இடத்தில் வீரையன் பெயர் ஏறியது. வீரையன் ஈரக் கையைத் துடைத்து, துடைத்து, மறுபடியும் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மிராசுதாரும் போட்டார். ஜீப் கிளம்பும்போது அதிகாரி சிங்காரவேலுவை இன்னொரு முறை வணங்கிவிட்டுப் போனார். துரைராசு குடையை மடித்து இராஜாங்கத்திடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நாற்காலியும் பின்னாலேயே போனது.

வெயில் தாழ்ந்தபோது மரத்தடியில் வீரையனும் ராசம்மாளும் வாத்தியாரும் மட்டும் இருந்தார்கள். வீரையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். கேரியரில் குடை இருந்தது, மடக்கு முக்காலியும் இருந்தது. படத்தைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்ட சிங்காரவேலுவுக்கு அப்படியே கிளம்ப மனம் வரவில்லை. பத்து நாள் இவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு, இவர்களையும் ஏமாற்றிவிட்டுப் போவதா என்று நெஞ்சு உறுத்தியது. பதிவு ஆகிவிட்டது, இனி யாரும் அழிக்க முடியாது. சொல்லிவிடலாம்.

“நான் ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது,” என்றார். இந்த முறை ராசம்மாள் குறுக்கே விழவில்லை. “நான் ஆபீசர் இல்ல. இந்தச் சட்டத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கீழ்வேளூர்ப் பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியார். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்.”

வீரையன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

ராசம்மாள் முந்தானை முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். உள்ளேயிருந்து சைக்கிள் வால்டியூப் இரண்டையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“கோணப் பானைய இடுப்புல வச்சுக்கிட்டு உங்ககிட்ட மார்க்கு கேட்டு வந்தவ நாந்தான், வாத்தியாரய்யா. வந்திருக்கிறது ஆபீசருன்னு பண்ணை வீட்டுல போயி மொத மொத சொன்னவளும் நாந்தான்.”